மானாவாரிக் காடும் மதிய உணவுத் தட்டும்: பசியொழிப்பில் கூட்டுப் பொறுப்பு

பசியொழிப்பு ஒரு வீட்டாலோ ஓர் ஊராலோ தனியாக முடிகிற காரியமன்று. 2024-இல் உலகில் ஏறத்தாழ 67.3 கோடிப் பேர் பசியில் வாடியதாக ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன. 2030-க்குள் பசியே இல்லாத நிலையை எட்டுவதாக உலக நாடுகள் 2015-இல் உறுதி ஏற்றன. அந்த இலக்குக்கும் பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளுக்கும் பள்ளி உணவு வழியே தொடர்பு உண்டு.

தமிழ்நாட்டில் பள்ளி உணவு, பலர் கைகோத்து வளர்த்த ஏற்பாடு. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியது. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுக்கு ஊர்மக்கள் நெல்லும் பணமும் தந்தார்கள். பின்னர் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய பாப்பாக்குறிச்சி திருச்சி மாவட்டத்து ஊர். பெரம்பலூரும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தது. முட்டை வந்தது 1989-இல், இரு வாரத்துக்கு ஒன்றாக. 2010 முதல் பள்ளி நாள்தோறும் ஒன்று என்றானது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

இந்த முட்டைகளில் பெரும்பாலானவை நாமக்கல் பண்ணைகளிலிருந்து வருபவை. கோழித் தீவனத்தில் முதலிடம் மக்காச்சோளத்துக்கு. அதை மிகுதியாக விளைவிக்கும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்னிற்கிறது. புரட்டாசி மழையை நம்பி விதைத்து, தை வாக்கில் கதிர் ஒடித்துக் களத்தில் காயவைத்த மணி மூட்டைகளாக லாரி ஏறுகிறது. இங்கு மகசூல் சரிந்தால் தீவன விலை ஏறும், அதைத் தொடர்ந்து முட்டை விலையும் ஏறும். பெரம்பலூர் உழவரின் உழைப்பு பிள்ளைகளின் தட்டை இவ்வாறு வந்து சேர்கிறது. அதற்குரிய மதிப்பு அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

2018-இல் இந்தத் தொடரையே ஒரு புழு ஆட்டிவைத்தது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியது. தாய் அந்துப்பூச்சி இலைமேல் குவியலாக முட்டையிட்டு மெல்லிய செதில்களால் மூடிவைக்கும். பொரிந்து வந்த புழுக்கள் முதலில் இலையின் பச்சையைச் சுரண்டும்; பிறகு குருத்துக்குள் இறங்கும். குருத்து விரியும்போது இலையில் வரிசையாக ஓட்டைகள் தெரியும். குருத்தில் ஈர மரத்தூள் போல எச்சம் அடைந்து கிடக்கும். வளர்ந்த புழுவின் தலையில் கவிழ்ந்த கவட்டை வடிவக் கோடும், பின்னுடலில் சதுரமாக நான்கு புள்ளிகளும் இருக்கும். உள்ளே பதுங்கிய புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது.

இதை ஒருவர் தம் காட்டில் மட்டும் அடக்கிவிட முடியாது. அந்துப்பூச்சி ஒரே இரவில் நெடுந்தொலைவு பறக்கும்; வரப்பு அதற்கு எல்லையன்று. முன்னும் பின்னுமாக விதைத்தால் இளம்பயிர் ஏதாவதொரு காட்டில் எப்போதும் இருந்து, புழுவின் தலைமுறைகள் அறுபடாமல் பெருகும். அதனால்தான் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் விதைக்கும்படி வேளாண்மைத் துறை வற்புறுத்துகிறது. கோடை உழவு மண்ணிலுள்ள கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டிக்கொடுக்கும். வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, ஊடுபயிராக உளுந்து, வரப்போரத்தில் சூரியகாந்தி அல்லது எள் ஆகியவையும் பரிந்துரைக்கப்படுகின்றன. செலவு அதிகமில்லை; ஆனால் பக்கத்துக் காட்டுக்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன். குத்தகைக் காடுகளிலும், உரிமையாளர் வெளியூரில் இருக்கும் நிலங்களிலும் இந்த ஒற்றுமை வாய்ப்பது கடினம். ஊராட்சியும் உழவர் குழுக்களும் முனைய வேண்டிய இடம் அதுவே.

நாமக்கல்லில் தீவன விலையை உயர்த்துகிற இதே புழு, மலாவியிலும் சாம்பியாவிலும் அடுப்பையே அணைத்துவிடும்; அங்கே மக்காச்சோள மாவுதான் அன்றாட உணவு. அதனால் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2019 டிசம்பரில் படைப்புழுவுக்கு எதிரான உலகளாவிய கூட்டு நடவடிக்கையை அறிவித்தது. கென்யாவில் தண்டு துளைப்பானுக்காக ஏற்கெனவே வகுக்கப்பட்ட முறை ஒன்று படைப்புழுவையும் குறைப்பதாக ஆய்வில் தெரியவந்தது. அதில் வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி பூச்சியை விரட்டும். ஓரத்தில் நட்ட புல் அதைத் தன்பால் இழுக்கும். இரண்டும் மாட்டுக்குத் தீவனமாகும். டெஸ்மோடியம் மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும்.