காற்றும் பெட்ரோலும்



1990-களில் நான் ராயபுரம் கல்மண்டபத்தை அடுத்த ஒரு பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே வண்டிகளின் ஓசை காதில் விழும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் கூடைகளைச் சுமந்து செல்லும் புல்லட் மோட்டார் சைக்கிள்களின் ஓசை அது. ஒரு வண்டி தாளம் தவறாமல் முழங்கிச் செல்லும். அடுத்த வண்டியோ இருமும், திணறும், கரும்புகை கக்கும். இரண்டும் ஒரே ஆலையில் பிறந்தவை. ஒரே பெட்ரோலைக் குடிப்பவை. பின் ஏன் இந்த வேற்றுமை? அதற்கு விடை பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் ஓர் உறுப்பில் இருந்தது. அதுதான் கார்புரேட்டர். எஞ்சினுக்கு ஏற்ற கார்புரேட்டரைத் தேர்ந்துகொள்வது எப்படி, அதைச் சீராக அமைப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

புல்லட் வண்டி வடசென்னைக்கு உறவுடையது. 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்பீல்டு இந்தியாவை அமைத்தன. மறு ஆண்டிலேயே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. நாம் 350 என்று வழங்கும் புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டம் உடையது. பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும். பெருக்கிப் பார்த்தால் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர் ஆகும். தொடக்கத்தில் இதற்கு அமல் வகைக் கார்புரேட்டர் பொருத்தப்பட்டது. பின்னாளில் வந்த மிக்கார்ப் வகையின் காற்றுத் துளை 24 மில்லிமீட்டர். அதே இனத்தைச் சேர்ந்த 500 வண்டிக்கு 28 மில்லிமீட்டர். இவ்விரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதை அவற்றில்தான் இருக்கிறது.

முதலில் கார்புரேட்டர் செய்யும் வேலை யாது என்று காண்போம். பெட்ரோல் தனித்து எரியாது. காற்றோடு கலந்தே எரியும். ஒரு கிராம் பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். எனவே அதற்கு 11 கிலோகிராம் அளவு காற்று தேவை. பருமனாகச் சொன்னால் 9000 லிட்டர்! நீளம் 2 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள ஓர் அறை நிறையக் காற்றைக் குடித்த பிறகே ஒரு லிட்டர் பெட்ரோல் தீர்கிறது. இந்தப் பெரிய அளவையும் அந்தச் சிறிய அளவையும் நொடிதோறும் ஒப்பிட்டுப் பங்கிடுவதே கார்புரேட்டரின் கடமை.

அது எவ்வாறு பங்கிடுகிறது? டேனியல் பெர்னூலி என்ற அறிஞர் 1738-இல் வெளியிட்ட உண்மை இங்கே துணை நிற்கிறது. குறுகிய வழியில் காற்று விரைந்து ஓடும். விரைந்து ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும். கார்புரேட்டரின் குறுகிய இடையில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் தாழ்கிறது. பக்கத்திலுள்ள ப்ளோட் அறையின் பெட்ரோல்மீது வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. ஆகவே பெட்ரோல், ஜெட் எனப்படும் நுண்துளை வழியே மேலேறித் துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. பெட்ரோலை மேலே தூக்குவது காற்றின் வேகமே என்பதை மறவாதீர்கள்.

நான் அதை மறந்தேன். மீன் வாணிகம் செய்யும் அண்ணன் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். "தம்பி, எண்ணூர் வரைக்கும் சீக்கிரமாப் போய்ச் சேரணும். மீன் வாடிப்போனா விலை போகாது. வண்டிக்கு வேகம் வேணும்" என்றார். மேஸ்திரி அன்று ஊரில் இல்லை. பழைய சாமான் கடையில் 28 மில்லிமீட்டர் கார்புரேட்டர் ஒன்று கிடைத்தது. துளை பெரிதானால் காற்று மிகும், காற்று மிகுந்தால் வலிமை மிகும் என்று எண்ணி, அதை 350 வண்டியில் மாட்டினேன். போதாக்குறைக்குக் காற்று வடிகட்டியையும் கழற்றி எறிந்தேன். உள்ளே எந்த எண் ஜெட் இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கும். நிமிடத்திற்கு 5000 சுற்று என்றால் 2500 மூச்சு. மூச்சுக்கு 346 கன சென்டிமீட்டர் வீதம் 865 லிட்டர். எஞ்சின் கேட்பது அவ்வளவே. அதற்கு மேல் அதனால் உட்கொள்ள இயலாது. 28 மில்லிமீட்டர் துளையின் பரப்போ 24 மில்லிமீட்டர் துளையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிது. அதே காற்று அகன்ற வழியில் செல்லும்போது வேகம் தளர்கிறது; வேகம் தளர்ந்தால் பெட்ரோல் மேலேறுவது குறைகிறது; கலவை மெலிகிறது. மெலிந்த கலவை மெல்ல எரியும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும்.

மூன்றாம் நாள் எர்ணாவூருக்கு அருகே, முழு வேகத்தில், சூட்டினால் விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. பின்சக்கரம் நின்றுவிட்டது. அந்த அண்ணன் உடனே கிளட்சைப் பிடித்ததாலும், பின்னால் வந்த கண்டெய்னர் லாரியின் ஓட்டுநர் விழிப்போடு இருந்ததாலும் உயிர் பிழைத்தார். கூடைகள் சாலையில் கொட்டின. ஒரு வாரம் அவருக்குத் தொழில் இல்லை. என்னை அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

இந்த மயக்கம் எனக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் எட்டு சிலிண்டர் கார்களை வைத்திருந்த இளைஞர் பலரும் இதற்கு ஆளானார்கள். அங்கேயும் ஒரு 350 உண்டு. அது 350 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள ஷெவர்லே எஞ்சின். நிமிடத்திற்கு 6000 சுற்றில் அது இழுக்கக்கூடிய காற்று மிகுதியாகப் போனால் 600 கன அடியை ஒட்டியிருக்கும். ஆயினும் 800 கன அடிக்கு மேல் காற்றுவிடும் கார்புரேட்டரை வாங்கி மாட்டிவிட்டு, கடைத்தெருவில் வண்டி திணறுகிறதே என்று வருந்தியவர்கள் உண்டு. அந்நாட்டுப் பொறியாளர் நான்கு வாய் உள்ள கார்புரேட்டரை அமைத்தார்கள். சாதாரண ஓட்டத்திற்கு இரண்டு வாய்களே திறக்கும். தேவை மிகும்போதுதான் மற்ற இரண்டும் திறக்கும். சிறு தேவைக்குச் சிறு வழி என்பதே அதன் உட்பொருள்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. அங்கே ஓடிய வண்டி முறுக்கிய கைப்பிடியைத் தளர்த்துவது அரிது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் செல்லும் வண்டியோ தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கால்வாசித் திறப்பிலேயே கழிக்கிறது. நாம் எங்கே ஓட்டுகிறோமோ அங்கே நன்றாக மூச்சு விடும் கார்புரேட்டரே நமக்கு ஏற்றது.

மேஸ்திரி திரும்பி வந்ததும் எஞ்சினைப் பிரித்தார். சிலிண்டரைத் துளையிட்டுப் புதுப் பிஸ்டன் போட்டோம். பழைய 24 மில்லிமீட்டர் கார்புரேட்டரை மீண்டும் ஏற்றினோம். பிறகு என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மாத்தினதை எழுது. ஓட்டிப் பாரு. பார்த்ததையும் எழுது" என்றார். அவர் கற்பித்த முறை இதுதான்.

கார்புரேட்டரைத் தொடுமுன் மற்றவற்றைச் சோதிக்க வேண்டும். டாப்பெட், பிளாட்டினம் பாயிண்ட், பிளக் இடைவெளி, காற்று ஒழுகும் இணைப்பு இவை செம்மையாக இல்லாதபோது கார்புரேட்டரைத் திருகுவது, காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் மருந்து கொடுப்பது போன்றது. பிறகு எஞ்சினை நன்கு சூடேற்ற வேண்டும். கைப்பிடியைத் திருகாத நிலைக்கும் சிறு திறப்புக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும் பொறுப்பு. இந்த வகையில் ஏர் ஸ்குரூவை உள்ளே திருகினால் கலவை செறியும். வெளியே திருகினால் மெலியும். எஞ்சின் எந்த இடத்தில் வேகமாகவும் ஒழுங்காகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துக. கால்வாசி முதல் முக்கால்வாசி வரை ஊசியின் ஆட்சி. அதன் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் மிகும். அதற்கு மேல் மெயின் ஜெட்டின் ஆட்சி. அதைச் சோதிக்க, நெரிசலற்ற சாலையில் முழுத் திறப்பில் ஓட்டி, உடனே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பானால் நலம். மூடிய அறையில் மட்டும் எஞ்சினை ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும்.

இடம் மாறினாலும் கணக்கு மாறும். 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ராயபுரத்துக் கடற்கரையில் சரியாக அமைந்த ஜெட் அங்கே பெரிதாகிவிடும்.

2020 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரத் 6 விதிகளால் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தி பிடித்துக்கொண்டது. புகைக்குழாயில் எஞ்சிய ஆக்சிஜனை ஓர் உணரி அளக்கிறது. சிறு கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது. மேஸ்திரி பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் செய்ததை அது நொடிக்குப் பலமுறை செய்கிறது. கருவி மாறியது, 14.7 என்ற கணக்கு மாறவில்லை.

அந்த மீன் வாணிக அண்ணன் பின்னும் பல ஆண்டுகள் அதே வண்டியை எங்களிடமே கொண்டுவந்தார். அந்த நோட்டுப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் நான் எழுதியது ஒரே ஒரு வரி: "28 கழற்றப்பட்டது, 24 பொருத்தப்பட்டது, வண்டி சீராக ஓடுகிறது." பள்ளியின் சோதனைச் சாலையில் நீங்கள் அளந்து எழுதும் ஒவ்வோர் எண்ணும் நாளை யாரோ ஒருவரின் பயணத்தைக் காக்கக்கூடும் என்று எண்ணி எழுதுங்கள்.