மறுபடி பிரிக்கப்பட்ட வழக்குக் கட்டு

1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறையில் இருந்தார். அந்த நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்ட ‘இந்துநேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் மறுநாள் இறந்துபோனார். கொலைக்குச் சதி செய்ததாக டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஜூரிகளுடன் நடந்த விசாரணையில் அவர்களோடு குற்றம் சாட்டப்பட்ட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட, பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விழுந்தது.

உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தள்ளுபடி. லண்டன் ப்ரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். அங்கே யாரும் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று சொல்லிவிடவில்லை. மேல்முறையீட்டை மறுபடி கேளுங்கள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பினார்கள், அவ்வளவுதான். கட்டு மறுபடி பிரிக்கப்பட்டது. நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் அமர்வு சாட்சியங்களை எடைபோட்டுப் பார்த்து 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. அடுத்த ஆண்டு வந்த ‘ராஜமுக்தி’ ஓடவில்லை. பாகவதரின் பழைய சிம்மாசனம் திரும்பவே இல்லை.

இந்தக் கதை தமிழ்நாட்டில் ஆயிரம் முறை சொல்லப்பட்டது. அதே காலத்தில் கோவையில் நடந்ததை அவ்வளவு பேர் சொல்வதில்லை. சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வரும் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள். தொழிற்சங்கப் பகையில் எழுந்த கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றார்கள். 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். பாகவதர் லண்டன் தீர்ப்புக்காகக் காத்திருந்த காலம் அது. இரண்டு வழக்கின் சாட்சியங்களும் ஒன்றல்ல. ஆனால் மேல்முறையீட்டுக்குக் காசும் வழக்கறிஞரும் காலமும் எவ்வளவு தேவை என்பதை யோசிக்காமல் இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைக்க முடியாது.

பிறகு சட்டம் மாறியது, மெதுவாக. 1978இல் ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு, சிறைக் கைதிக்குத் தீர்ப்பு நகலை உரிய நேரத்தில் இலவசமாகத் தர வேண்டும், மேல்முறையீட்டுக்குச் சட்ட உதவியும் தர வேண்டும் என்றது. அந்த மனுதாரர், தண்டனையை முழுக்க அனுபவித்து முடித்த பிறகே நகல் கைக்கு வந்ததாகச் சொன்னவர். 1996இல் பானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சொன்னது: வழக்கறிஞர் வரவில்லை என்பதற்காக மேல்முறையீட்டைத் தள்ளிவிடக் கூடாது, ஆவணங்களைப் படித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

தூக்குத் தண்டனையில் மறுபடி கேட்பது உயிர் காத்த விஷயம். 2000 பிப்ரவரியில் தர்மபுரி அருகே பேருந்தோடு மூன்று வேளாண் மாணவிகள் எரிக்கப்பட்டார்கள். மூவருக்கு விதிக்கப்பட்ட தூக்கை 2010இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. தூக்கு வழக்குகளின் மறுசீராய்வைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014இல் அரசியல் சாசன அமர்வு தீர்மானித்தது. அதன்படி மறுபடி கேட்கப்பட்டு, 2016இல் அது ஆயுளாகக் குறைந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்பதையும் நாம் மறக்கலாகாது. விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்ற உரிமை 2009 முதல்தான் இருக்கிறது.

இதையெல்லாம் நீலகிரி மலையிலுள்ள கேத்தியின் குடும்பம் ஒன்றின் நிலையிலிருந்து பார்ப்போம். வழக்கு உதகை செஷன்ஸ் நீதிமன்றத்தில் முடிகிறது. மேல்முறையீடு ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில். தூக்கு என்றால் 30 நாள், மற்ற தண்டனைக்கு 60 நாள் கெடு. தேயிலை பறிக்கும் தாய்க்கு அந்த அறுபது நாளில் சென்னைக்குப் போய் வரவே கூலி போய்விடும். ஆனால் சிறையில் இருப்பவர் சிறை அதிகாரியிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. காவலில் இருப்பவர் எவரும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். கெடு தாண்டினாலும் தகுந்த காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கவும் வழி உண்டு. இவற்றைத் தீர்ப்பு நாளன்றே, நீதிமன்ற வாசலிலேயே, அந்தத் தாய்க்குப் புரியும் பேச்சில் யாராவது சொல்லியாக வேண்டும்.