எழுதும் கைக்கு ஏற்ற கருவி
(வெள்ளி விழா இலக்கியக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கதையும் கவிதையும் எழுத முனைவோர்க்கு ஏற்ற கணினிக் கருவிகள் எவை என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். இலக்கிய அரங்கில் இப்படியொரு பொருளா என்று பெரியவர்கள் சிலர் வியக்கக்கூடும். உள்ளத்தில் ஊற்று இருந்தால் ஓலையானால் என்ன, தாளானால் என்ன என்பது அவர்கள் எண்ணம். அதில் உண்மை உண்டு. எனினும், ஊற்று நீர் வயலுக்குச் சேர வாய்க்கால் வேண்டும். அந்த வாய்க்கால் எவர் நிலத்தின் வழியாகச் செல்கின்றது, அதன் மதகு எவர் கையில் இருக்கின்றது என்பதை நம்மவர்க்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவேதான் இப்பொருளை மிகுந்த பொறுப்புடன் ஏற்றுக்கொண்டேன்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-ஆம் ஆண்டு சென்னையில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் மராத்தி மொழியில் 'மூக் நாயக்' இதழை வெளிக்கொணர்ந்தார். பிறர் நடத்திய ஏடுகளில் நமக்கு இடம் கிடைக்குமா என்று காத்திராமல், எழுத்தையும் அச்சையும் தம் கைக்குள் கொண்டுவர அவர்கள் முயன்றார்கள். அதற்கு அச்செழுத்து வேண்டும், தாள் வேண்டும், அஞ்சல் தலை வேண்டும், கோப்பவர் கூலி வேண்டும். இன்று இவை அனைத்தையும் ஒரு கைப்பேசி தன்னுள் அடக்கிக்கொண்டுள்ளது. வசதி வந்துவிட்டது. ஆனால் எதை எடுப்பது, எதை விடுப்பது என்னும் தெளிவு நம் இளைஞரிடையே இன்னும் வரவில்லை. கடைக்காரர் சொன்னதை வாங்குகின்றோம். நண்பர் வைத்திருப்பதை நாமும் வைத்துக்கொள்கின்றோம். அது போதாது. எக்கருவியாயினும் அதனிடம் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதற்கேள்வி: இக்கருவி தமிழைத் தமிழாகவே வைத்திருக்கின்றதா?

கணினியில் தமிழ் நுழைந்த தொடக்க காலத்தில், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மீது தமிழ் வடிவங்களைப் போர்த்தி எழுத்துருக்களைச் செய்தார்கள். பார்ப்பதற்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அக்கோப்பைத் திறந்தால், நீங்கள் எழுதிய கதை பொருளற்ற குறிகளின் குவியலாகக் காட்சியளிக்கும். இக்குறையைப் போக்கியது ஒருங்குறி. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் வழங்கும் முறை இது. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதனை ஏற்றது. ஒருங்குறியில் எழுதியதை எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் படிக்கலாம்; தேடலாம்; மின்னஞ்சலில் அனுப்பலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நூலாக்கம் செய்யும் டி.டி.பி. நிலையங்கள் சிலவற்றில் பழைய எழுத்துருக்கள் இன்னும் வழக்கில் உள்ளன. உங்கள் படியை அங்கே மாற்றும்போது ஒகர, ஓகாரக் கொம்புகளும் கிரந்த எழுத்துகளும் இடம் மாறிப் பிழைபட வாய்ப்புண்டு. ஆதலால் மாற்றிய பின் ஒருமுறை முழுவதும் மெய்ப்புப் பாருங்கள். ஒருங்குறிப் படியை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள். அச்சான நூலின் திருத்தங்களை அந்தப் படியிலும் ஏற்றி வையுங்கள். இரண்டாம் பதிப்புக்கு அதுவே துணை.

இரண்டாம் கேள்வி: இக்கருவி என் கைக்கு இசைகின்றதா?

நம் இளைஞருள் பெரும்பாலோர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கின்றனர். 'அம்மா' என்று எழுதவும் ஆங்கில ஒலியை மனத்தில் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கின்றது. அவசரச் செய்திக்கு அது போதும். முந்நூறு பக்க நாவலுக்கு அது இடையூறு. எண்ணம் தமிழில் பிறந்து, ஆங்கிலத்தில் நடந்து, மீண்டும் தமிழுக்குத் திரும்புகின்றது. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் வழியாக 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை அமைப்பு நமக்குக் கிடைத்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்து நிற்கும். புள்ளியைக் கருவியே இட்டுக்கொள்ளும். நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கிப் பழகினால் சில வாரங்களில் கை பழகிவிடும். தமிழ்த் தட்டச்சில் தேர்ச்சி பெற்ற நம் சகோதரிகள் பலர் உண்டு. அவர்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. பழைய தட்டச்சு அமைப்பையே கணினியில் தரும் மென்பொருள்கள் உள்ளன. இகலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவை விலையின்றிக் கிடைத்தவை. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சலும், பின்னர் அவர் கைப்பேசிக்கென உருவாக்கிய செல்லினமும் தமிழர் கைகளில் பல்லாண்டுகள் பழகியவை.

விசைப்பலகையே வேண்டாம், பேசினால் போதும் என்னும் வசதியும் வந்துள்ளது. கூகுள் நிறுவனம் 2017-இல் தன் குரல்வழி உள்ளீட்டில் தமிழைச் சேர்த்தது. எழுதப் படிக்க அறியாத நம் பாட்டியரின் கதைகளைத் தொகுக்க இது உதவும் என்று பலர் கருதுகின்றனர். உதவும்; ஆனால் அரைகுறையாகவே உதவும். நம் ஊர்ப் பேச்சைக் கேட்ட கருவி, தனக்குத் தெரிந்த வேறொரு சொல்லை அவ்விடத்தில் எழுதிவிடும். ஆகவே குரலைத் தனியே ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொண்டு, கருவி எழுதியதை அதனோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஒலிப்பதிவே மூலம், மற்றது படி.

மூன்றாம் கேள்வி: இக்கருவி என் மொழியை என்னிடமே விட்டுவைக்கின்றதா?

தோழர்களே, என் உரையின் உயிர்நாடி இதுதான். பிழைதிருத்தி என்றொரு கருவி உண்டு. தன் அகராதியில் இல்லாத சொல்லின் கீழே அது சிவப்புக் கோடு இடும். தமிழில் ஒரு பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்றும், ஒரு வினைச்சொல் காலமும் இடமும் ஏற்றும் பற்பல வடிவங்களாக விரியும். அதனால் சரியான செந்தமிழ்ச் சொல்லுக்கே கோடு விழுவது உண்டு. அப்படியிருக்க, நம் தாய்மாரின் வாய்மொழிக்கு விழாதா? 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' தன் மக்களின் பேச்சுமொழியிலேயே எழுதப்பட்ட நூல். அதனை ஒரு பிழைதிருத்தியிடம் கொடுத்திருந்தால் பக்கந்தோறும் சிவப்புக் கோடுகளே நிறைந்திருக்கும். அந்நூலின் வலிமை எதுவோ அதையே பிழை என்று எந்திரம் சொல்லியிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் நம் பேச்சைக் கேட்டு நகைத்தவர்கள் உண்டு. அந்த நகைப்பை இப்போது நம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிய வேண்டுமா? முதற்கதை எழுதும் ஒரு பெண்பிள்ளை, சிவப்புக் கோட்டைக் கண்டு அஞ்சித் தன் பாட்டியின் சொல்லை அடித்துவிட்டுச் செய்தித்தாள் சொல்லை எழுதினால், அந்தக் கணத்தில் நாம் இழப்பது ஒரு சொல்லை மட்டுமா? அச்சொல்லோடு ஒரு தொழில் போகின்றது. ஒரு உணவின் சுவை போகின்றது. ஓர் உறவின் பெயர் போகின்றது.

இதற்கு வழி உண்டு. எழுதும்போது பிழைதிருத்தியை நிறுத்தி வையுங்கள். எழுதி முடித்த பின் இயக்குங்கள். கோடு விழுந்த சொற்களுள் சந்திப்பிழை, தட்டுப்பிழை ஆகியவற்றைத் திருத்துங்கள். நம் வழக்குச் சொல்லாயின் 'அகராதியில் சேர்' என்னும் வசதியைப் பயன்படுத்துங்கள். லிப்ரெ ஆபீஸ் போன்ற மென்பொருளில் இவ்வாறு சேர்க்கும் சொற்கள் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். அக்கோப்பை மற்றொரு கணினிக்கும் கொண்டுசெல்லலாம். நம் கழகத்தின் இளைஞர்கள் ஊர்தோறும் வழங்கும் சொற்களைத் திரட்டி, இத்தகைய அகராதிக் கோப்பு ஒன்றைச் செய்தால், அடுத்து எழுத வரும் பிள்ளையின் பக்கத்தில் அச்சொற்களுக்குக் கோடு விழாது.

2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து, தாமே எழுதித் தரும் எந்திரங்களும் பெருகிவிட்டன. அவற்றைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐயம் கேட்கலாம், நீண்ட கட்டுரையைச் சுருக்கித் தரச் சொல்லலாம், சொன்னதைச் சரிபார்த்து ஏற்கலாம். ஆனால் உங்கள் கதையைக் கொடுத்து 'இதனை மெருகேற்று' என்று சொன்னால், அது பொதுவாக எங்கும் வழங்கும் நடையை உங்கள் மீது போர்த்திவிடும். அவ்வெந்திரங்கள் ஏற்கெனவே எழுத்தில் மிகுதியாக உள்ளவற்றைக் கொண்டு பயின்றவை. எழுத்தில் ஏறாத வாழ்வு அவற்றுக்கு எப்படித் தெரியும்? அதை எழுத வேண்டியவர் நீங்கள். எந்திரம் திருத்திய பத்தியை உங்கள் தெருவின் மூதாட்டி ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். 'இது யார் பேச்சு?' என்று அவர் கேட்டால், அத்திருத்தத்தைத் தள்ளிவிடுங்கள்.

நான்காம் கேள்வி: நான் எழுதியது நாளையும் என்னுடையதாக இருக்குமா?

விலை கொடுத்து வாங்க இயலாத மென்பொருளைத் திருட்டுப் படியாக ஏற்றிக்கொள்வது எங்கும் காணும் வழக்கம். அதனுடன் தீங்கான நிரல்களும் நுழைவதுண்டு. நமக்கு அது தேவையில்லை. 2010-இல் தோன்றிய லிப்ரெ ஆபீஸ் கட்டணமின்றிச் சட்டப்படி கிடைப்பது. அதன் 'ரைட்டர்' கதை, நாவல், நாடகம் அனைத்துக்கும் போதுமானது. அது சேமிக்கும் ஓ.டி.டி. வடிவம் 2006-இல் பன்னாட்டுத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. கவிதைக்கு இதுகூட வேண்டா. அலங்காரமற்ற எளிய உரைக்கோப்பு போதும். அதனைத் திறக்காத கணினி இல்லை.

கூகுள் டாக்ஸ் கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே படியைக் காட்டும். நேற்றைய வடிவத்தையும் காத்து வைக்கும். பலர் கூடி ஒரு மலரைத் தொகுக்க அது நல்லது. எனினும் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால் வீட்டுக் கதவே பூட்டிக்கொள்ளும். ஆகவே மாதம் ஒருமுறை ஒரு படியை இறக்கி வைத்துக்கொள்க. நாவலாசிரியர்க்கென 2007-இல் வந்த ஸ்க்ரிவெனர், அத்தியாயங்களை அட்டைகள் போல் பரப்பி இடம் மாற்ற உதவுவது, விலைக்கு விற்கப்படுவது. அதன் பயனில் பெரும்பகுதியை ரைட்டரிலேயே பெறலாம். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தலைப்பு வகையைக் குறித்து வைத்தால், 'நேவிகேட்டர்' பலகத்தில் அத்தியாயத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். அதுவும் இல்லையெனில், ஒரு உறையில் எண்ணிட்ட கோப்புகளாக வையுங்கள். பணமில்லை என்பது எழுதாமைக்குக் காரணமாகக் கூடாது.

எதில் எழுதினாலும் மூன்று படிகள் வையுங்கள்: கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறோர் இடத்தில், இணையத்திலோ நண்பர் வீட்டிலோ ஒன்று. குடிசையில் மழை ஒழுகும், தீயும் பிடிக்கும், கைப்பேசி தொலையும். அண்ணல் அம்பேத்கர் 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தபோது அச்சேறாத கையெழுத்துப் படிகளையும் தட்டச்சுப் படிகளையும் ஏராளமாக விட்டுச் சென்றார். மகாராட்டிர அரசு வசந்த் மூன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அவருடைய எழுத்துகளையும் பேச்சுகளையும் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கியது 1979-இல்தான். அதற்குள் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. சில நூல்கள் முற்றுப்பெறாத வடிவிலேயே நமக்குக் கிடைத்தன. சட்டம் வகுத்த பேரறிஞரின் எழுத்துக்கே இந்நிலை என்றால், சிற்றூரில் எழுதும் நம் பிள்ளையின் எழுத்தை யார் தேடிவந்து காப்பார்கள்? எழுதுவோரும் அவர்தம் அமைப்புமே காக்க வேண்டும்.

ஆதலின் இந்த வெள்ளி விழா நாளில் கழகத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். படிப்பகத்தில் ஒரு கணினியை எழுதுவோர்க்கென்றே ஒதுக்குங்கள். அதில் தமிழ் 99 பயிற்றுங்கள். நம் ஊர்ச்சொல் அகராதிக் கோப்பைத் தொடங்குங்கள். உறுப்பினர் எழுதும் ஒவ்வொன்றிலும் ஒரு படியைக் கழகத்தின் பேழையில் சேமியுங்கள். பெருஞ்செலவு ஏதும் இல்லை. பொறுப்பேற்க இருவர் முன்வந்தால் போதும்.

இளைஞர்களே, நல்ல கருவி வரட்டும், பிறகு எழுதுகின்றேன் என்று காத்திராதீர்கள். கையில் இருக்கும் கைப்பேசியிலோ, பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலோ இன்றே தொடங்குங்கள். உங்கள் சொல்லைச் சிதைக்காததும், உங்கள் பணத்தைப் பறிக்காததும், நாளை உங்கள் பிள்ளைகள் திறந்து படிக்கக்கூடியதுமான கருவி எதுவோ, அதுவே உங்களுக்கேற்ற கருவி.