தென்னந்தோப்புக் கோக்கோவில் அஞ்சு அடுக்கு இனிப்பு



தென்னைக்கு ஊடுபயிராகக் கோக்கோ வைத்திருக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து வீடுகளில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘உங்க தோப்புக் கோக்கோவில் செஞ்ச சாக்லேட்டைச் சாப்பிட்டிருக்கீங்களா?’ என்றால், பெரும்பாலும் சிரிப்புத்தான் பதிலாக வரும். நெல் விளைவிப்பவருக்குத் தன் அரிசியின் ருசி தெரியும். கோக்கோ விளைவிப்பவருக்கு மட்டும் அது தெரிவதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க ஒரு தோப்பு வீட்டில் செய்முறை விளக்கம் நடத்தினேன். அஞ்சு அடுக்காக, கல்யாண வீட்டு ஜோடனை மாதிரி ஒரு கோக்கோ இனிப்பு. பார்க்க அத்தனை அழகு. அந்த வீட்டுப் பெரியம்மாவின் பேரன் ஒரு வாய் போட்டதும் முகத்தைச் சுளித்தான். “ஏனுங்க சார், நாக்கைப் பிடிச்சு இழுக்குதுங்க!” என்றான். பாலிலும் சர்க்கரையிலும் குற்றமில்லை. காயிலிருந்து எடுத்த விதையை நேராக வெயிலில் போட்டுக் காயவைத்திருந்தார்கள். அதை முன்னமே கேட்காதது என் தப்பு.

நேயர்களே, சாக்லேட்டின் வாசனை தொழிற்சாலையில் தொடங்குவதில்லை. அது உங்கள் களத்தில், விதையைப் புளிக்க வைக்கும் ஆறு நாளில் தொடங்குகிறது. விதையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதையின் இனிப்பு முதலில் சாராயமாகிறது, அப்புறம் காடியாகிறது. அப்போது 45 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். அந்தச் சூட்டிலும் காடியிலும் விதையின் உயிர் போய், உள்ளே துவர்ப்பு குறைந்து, வாசனைக்கு வேண்டிய பொருள்கள் உண்டாகின்றன. புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் நல்ல சாக்லேட் மணம் வராது.

வீட்டு அளவுக்கு இரண்டு கிலோ ஈர விதை போதும். நன்றாகப் பழுத்த 20, 25 காய்களில் கிடைத்துவிடும். காயைக் கத்தியால் பிளக்காமல் கட்டையால் தட்டி உடையுங்கள். விதையில் வெட்டுக்காயம் படக் கூடாது. நடு நரம்பை நீக்கிவிடுங்கள். ஒரு சாண் அகலம், முக்கால் சாண் உயரமுள்ள மூங்கில் கூடையில் கிழித்த வாழையிலையைப் பரப்பி, விதையைப் போட்டு அமுக்கி, மேலேயும் இலையால் மூடுங்கள். சாறு வடிய வேண்டும், ஆகவே கூடையைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். ஒரு நாள் கழித்துக் கனமான சாக்கினால் போர்த்துங்கள். இரண்டு நாள் முடிந்ததும் ஒரு தடவை, நாலு நாள் முடிந்ததும் ஒரு தடவை விதையைக் கிளறிவிடணும். இதை மறந்தால் பூஞ்சாணம் பிடிக்கும். ஆறாம் நாள் முடிவில் எடுத்து, மெல்லிசாகப் பரப்பி, ஐந்தாறு நாள் நல்ல வெயிலில் உலர்த்துங்கள். சாயங்காலம் மூடி வையுங்கள், பனி படக்கூடாது. கைப்பிடி விதையை அமுக்கினால் நொறுநொறுவென்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம்.

இப்போது இருபது விதையை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறமும் வெடிப்புகளும் இருந்தால் நல்ல விதை. ஊதாவாக இருந்தால் புளிப்பு பத்தவில்லை. சிலேட்டுப் பலகை நிறமாகக் கெட்டியாக இருந்தால் புளிக்கவே இல்லை. பூஞ்சாணம் பிடித்ததைத் தூர எறியுங்கள்.

இனி தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுப் பேருக்கு 200 கிராம் உலர்ந்த விதை. கனத்த வாணலியில் சிறு தீயில் 20, 25 நிமிஷம் கைவிடாமல் வறுத்தால் படபடவென வெடித்து மணம் வரும். ஆறவிட்டுத் தோலைக் கசக்கி முறத்தில் புடைத்துவிடுங்கள். அந்தத் தோலை நாய்க்கும் கோழிக்கும் போட வேண்டாம், அவற்றுக்கு ஆகாது, எருக்குழிக்குப் போகட்டும். இரண்டு ஸ்பூன் பருப்பைத் தனியே வைத்துவிட்டு, மீதியை ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் விட்டுவிட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு எள் மாதிரி எண்ணெய் விட்டு விழுதாகும். பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்புத்தானே! தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் விழுது திரிந்து கட்டியாகிவிடும். ஆனால் பின்னால் பால் தாராளமாகச் சேரும்போது அந்தப் பயமில்லை.

முதல் அடுக்கு: 200 கிராம் கடலை மிட்டாயைப் பொடித்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டுப் பாத்திரத்தின் அடியில் அமுக்குங்கள்.

இரண்டாவது: அரை லிட்டர் பாலில் 150 கிராம் சர்க்கரை, மூன்று மேஜைக்கரண்டி கார்ன் ஃப்ளார், சிட்டிகை உப்பு கரைத்து, அடி பிடிக்காமல் கூழ் பதத்துக்குக் காய்ச்சி, கோக்கோ விழுதில் மூன்றில் இரண்டு பங்கைச் சேர்த்துக் கிளறி ஊற்றுங்கள். இதில் வெல்லம் வேண்டாம், பால் திரிந்துவிடலாம்.

மூன்றாவது: இது ஆறியபின் பூவன் பழ வில்லைகள்.

நாலாவது: ஒன்றரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பாலில் இரண்டு மேஜைக்கரண்டி கார்ன் ஃப்ளாரும் வடிகட்டிய வெல்லப்பாகும் கலந்து, சிறு தீயில் கெட்டியாகக் கிளறி, சற்று ஆறவிட்டு ஊற்றுங்கள்.

ஐந்தாவது: மீதி விழுதில் 50 கிராம் சர்க்கரைப் பொடியும் அரை டம்ளர் சூடான பாலும் சேர்த்துக் குழைத்து மேலே பரப்புங்கள். வறுத்த தேங்காய்த் துருவல், நெய்யில் வறுத்த முந்திரி, எடுத்துவைத்த கோக்கோ பருப்பு எல்லாம் தூவுங்கள். குளிர்பெட்டியில் மூன்று நாலு மணி நேரம் வையுங்கள். அது இல்லாத வீட்டில் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி வைத்து, அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

அந்தப் பெரியம்மா அடுத்த அறுவடையில் இந்த முறைப்படி செய்தார். பேரன் இரண்டாவது கிண்ணம் கேட்டான். பெரியம்மா கேட்டதோ வேறு: “ஆறு நாள் பாடுபட்டா எனக்கு என்னங்க மிச்சம்?”

நியாயமான கேள்வி. மூன்று கிலோ ஈர விதை உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான். ஆகவே வியாபாரி ஈர விதைக்குச் சொல்லும் விலையை மூன்றால் பெருக்குங்கள். புளிக்கவைத்து உலர்த்திய விதையின் விலையோடு ஒப்பிடுங்கள். இடையிலுள்ள வித்தியாசம்தான் உங்கள் கூலி. அது கூலிக்குக் கட்டாவிட்டால் ஈரமாகவே விற்றுவிடுங்கள், தப்பில்லை. கட்டினால் விடாதீர்கள். ஆனால் அரைகுறையாகப் புளித்ததை நல்ல விதையோடு கலந்துவிடாதீர்கள். அறுத்துப் பார்க்கும் வியாபாரி மூட்டை முழுவதற்கும் விலையைக் குறைத்துவிடுவார்.

விலை ஏறி இறங்குவது நம் கையில் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் விலை விழுந்தபோது கேரளத்தில் பலர் மரத்தையே வெட்டினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மகசூல் குறைந்ததால், 2024-ல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. 2025-ல் மறுபடியும் இறங்கியது. விலையைப் பார்த்து மரம் வைப்பதும், விலையைப் பார்த்து வெட்டுவதும் நஷ்டத்துக்கு வழி. நம் கையில் இருப்பது விதையின் தரம் ஒன்றுதான்.

உலகில் சிறு அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் பலர் அரைப்பதற்கு உபயோகிப்பது, நம் கோயம்புத்தூர் மாவரைக்கும் கல் கிரைண்டரிலிருந்து பிறந்த இயந்திரத்தைத்தான். கல் நம்முடையது, விதையும் நம்முடையது. ருசி மட்டும் ஏன் அடுத்தவனுக்கு? வருகிற அறுவடையில் ஒரு கூடை விதையையாவது வீட்டுக்கென்று எடுத்து வையுங்கள். வீட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே உங்கள் விதையின் தரம் தெரிந்துவிடும்.