காந்தியடிகள் கற்ற நூல்கள்
(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தரசேனாசாரியரிடம் கேட்டறிந்த ஆகமப் பொருளைப் புட்பதந்தரும் பூதபலியும் ஏட்டில் ஏற்றி நிறைவு செய்த நாள் இந்நாள். இல்லந்தோறும் ஏடுகளும் நூல்களும் பீடத்தில் வைக்கப்பெற்று வழிபடப்படுகின்றன. ஆகாரம், அபயம், ஔடதம் என்னும் தானங்களோடு சாத்திர தானத்தையும் ஒப்ப வைத்துப் போற்றியது சமணம். அத்தானம் நிறைவுபெறுவது, பெற்றவர் அந்நூலைப் படித்து, அது கூறுவதைத் தம் மனத்தில் எடைபோடும்போதுதான். அவ்வாறு எடைபோட்டுப் படித்தவர்களுள் ஒருவர் காந்தியடிகள். இளமையில் தம் கைக்கு வந்த பலவகை நூல்கள் தமக்கு எவ்வாறு பட்டன என்பதைத் ‘சத்திய சோதனை’யில் அவர் ஒளிவின்றி எழுதியுள்ளார்.

1888ஆம் ஆண்டு அவர் இலண்டனுக்குப் புறப்பட்டபோது, மது, மாது, ஊன் ஆகிய மூன்றையும் தீண்டேன் எனத் தாயாரின் முன்னிலையில் விரதம் ஏற்றார். அவ்விரதத்தை அவருக்கு அளித்தவர் பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. இலண்டனில் அவர் விரதத்தைக் காத்தார். பல நாள் அரைவயிறோடும் இருந்தார். ஆயினும் இந்தியர் யாவரும் ஊன் உண்பது நல்லது என்னும் எண்ணமே அப்போது அவர் உள்ளத்தில் இருந்தது. ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டு உள்ளே செல்கையில், அங்கே விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட் என்பாரின் சிறுநூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். மரக்கறி உணவுக்காக வழக்காடும் நூல் அது. அதனை முற்றும் படித்த பின்னரே தாம் விருப்பத்தால் மரக்கறி உண்பவர் ஆனதாக அவர் எழுதுகிறார். அதுவரை தாய்க்குத் தந்த வாக்காக இருந்தது, அன்று முதல் அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று.

அடுத்து வந்த நூல் பகவத்கீதை. இலண்டனில் பிரம்மஞான சங்கத்தைச் சார்ந்த சகோதரர் இருவர், எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தம்முடன் சேர்ந்து படிக்க அவரை அழைத்தனர். வடமொழியிலோ தாய்மொழியாகிய குசராத்தியிலோ தாம் அதனைப் படித்ததில்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு அவர்களோடு அமர்ந்தார். பின்னர்க் கிறித்தவ அன்பர் ஒருவர் விவிலியத்தை அளித்தார். ஆதியாகமத்தை அடுத்த பகுதிகள் உறக்கத்தையே தந்தன என்றும், எண்ணாகமம் பிடிக்கவில்லை என்றும் அவர் தயங்காமல் கூறுகிறார். அதே நூலில் வரும் மலைப்பொழிவோ நேரே நெஞ்சில் புகுந்தது. ஒரு நூலின் ஒரு பகுதி சுவைக்கவில்லை என்பதற்காக அதனை மூடிவைத்திருந்தால் மலைப்பொழிவை அவர் அடைந்திருக்க மாட்டார். புனித நூல் என்பதற்காக அனைத்தும் சுவைத்ததாகப் பாவித்திருந்தால், மலைப்பொழிவைப் பற்றி அவர் கூறுவதற்கும் மதிப்பு இருந்திராது.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நண்பர்கள் சமய நூல்கள் பலவற்றைக் கொடுத்தனர். சில அவரைச் சிந்திக்க வைத்தன. சில எவ்விளைவையும் தரவில்லை. ‘கடவுளின் அரசு உனக்குள்ளே’ என்னும் டால்ஸ்டாயின் நூலோ அவரை ஆட்கொண்டது. அதன் முன் ஏனையவை ஒளி மங்கின. நூல்கள் பெருகப் பெருக ஐயங்களும் பெருகின. தம் வினாக்களைத் தொகுத்து, பம்பாயில் மணி வணிகம் செய்துவந்த சமண அறிஞரும் சதாவதானியுமாகிய ஸ்ரீமத் ராஜசந்திரருக்கு 1894ஆம் ஆண்டு எழுதினார்.

ராஜசந்திரர் அவரைச் சமணத்திற்கு அழைக்கவில்லை. பொறுமை கொள்ளுமாறும், பிறந்த சமயத்தை ஆழ்ந்து கற்குமாறும் அறிவுறுத்திச் சில நூல்களை அனுப்பினார். அவற்றுள் யோகவாசிட்டத்தின் ஒரு பகுதியும் இருந்தது. ஹரிபத்திர சூரியின் ‘ஷட்தரிசன சமுச்சயம்’ என்னும் நூலும் இருந்தது. சுவேதாம்பர ஆசிரியராகிய ஹரிபத்திரர் அந்நூலில் பௌத்தம், நியாயம், சாங்கியம், சமணம், வைசேடிகம், மீமாம்சை ஆகியவற்றை அவரவர் கொள்கைப்படி சுருக்கி உரைக்கிறார். ஐயுற்ற இளைஞர் ஒருவருக்குப் பிறர் கொள்கைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் நூலை ஒரு சமணர் அனுப்பியது, அனேகாந்தம் வாழ்க்கையில் எவ்வாறு நடக்கும் என்பதற்கு நல்ல சான்று.

இறுதியாக ஒன்று. 1904ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் புகைவண்டி ஏறியபோது, போலக் என்னும் நண்பர் ரஸ்கினின் நூல் ஒன்றை அவர் கையில் தந்தார். ‘கடையனுக்கும் கடைத்தேற்றம்’ எனத் தமிழில் வழங்கும் நூல் அது. டர்பனுக்கு 24 மணி நேரப் பயணம். எடுத்த நூலைக் கீழே வைக்க இயலவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. அந்நூலில் தாம் கண்ட மூன்று கருத்துகளை அவர் வரிசைப்படுத்துகிறார். அனைவரின் நன்மையில் தனிமனிதனின் நன்மை அடங்கியுள்ளது என்பது முன்பே தெரிந்தது. வழக்கறிஞர் தொழிலுக்கும் முடிதிருத்துவோர் தொழிலுக்கும் மதிப்பு ஒன்றே என்பது மங்கலாகத் தெரிந்தது. உழைப்பாளியின் வாழ்வே வாழத்தக்கது என்பது தெரியாதிருந்தது. பொழுது விடிந்ததும் அவற்றைச் செயற்படுத்த முனைந்தார். அவ்வாண்டே டர்பனுக்கு அருகில் 100 ஏக்கர் நிலத்தில் பீனிக்ஸ் குடியிருப்பு தோன்றியது.

அவையோரே, இன்று ஊர்களிலிருந்து பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். ஊன் உண்ணாமையும் இரவுண்ணாமையும் அவர்களோடு செல்கின்றன. உடன் உறைவோர், “ஏன் இப்படி?” என வினவும்போது, “வீட்டு வழக்கம்” என்னும் விடை சில காலமே தாங்கும். பேசர்ஜி சுவாமி அளித்த விரதம் காந்தியடிகளைக் காத்தது உண்மை. அதனை அவருக்கு உரியதாக்கியது அவர் படித்த நூல். பிள்ளைகளுக்கு விரதத்தை மட்டும் கொடுத்தனுப்பினால் பாதிக் கடமையே முடிகிறது.

நாலடியாரும் அறநெறிச்சாரமும் சீவக சிந்தாமணியும் நீலகேசியும் மேருமந்தர புராணமும் இன்று பீடத்தில் வீற்றிருக்கின்றன. நாளை அவை அலமாரிக்குத் திரும்ப வேண்டியதில்லை. அந்திக்கு முன்பே உணவை முடிக்கும் இல்லங்களில் உறங்கும் வரை நீண்ட பொழுது இருக்கிறது. அதில் அரைமணி நேரம் பெரியோரும் சிறியோரும் கூடி ஒரு நூலைப் படிக்கலாம். பிறர் எழுதிய நூல்களையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். “இப்பகுதி எனக்குப் பிடிக்கவில்லை, தாத்தா” என்று பேரன் சொன்னால் பெரியோர் முகம் சுளிக்காமல், ஏன் பிடிக்கவில்லை என்று கேட்க வேண்டும். அந்தப் பேச்சிலேயே நூல் அவனுடையதாகும்.