கட்டளையும் கேள்வியும்



கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையை அண்டிக் குண்டசாலை உளது. 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் குண்டசாலை அரசன் என்றே பெயர் பெற்றான். கண்டி அரசில் நிலங்களையும் அவற்றுக்குரிய இராசகாரியக் கடமைகளையும் பதிந்த ஏடுகள் 'லேகம் மிட்டி' எனப்பட்டன. இன்ன கடமைக்குரிய நிலம் யாது என வினவினால், லேகம் என்னும் எழுத்தர் ஏட்டைப் புரட்டி விடை கூறுவர்.

அவ்வேலையைப் பொறியிடம் ஒப்படைக்குங்கால் நிகழ்வது யாது? ஐ.பி.எம். நிறுவனம் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஏ.எஸ். 400' என்னும் நடுத்தரக் கணினியைச் சான்றாகக் கொள்வோம். இதில் தரவுத்தளம் பின்னர் வாங்கிப் பொருத்தும் பொருளன்று. இயக்க முறைமையிலேயே அமைந்தது. இங்கே இரு மொழிகள் வழங்குகின்றன. ஒன்று கட்டுப்பாட்டு மொழி. "இதனைச் செய், பிழையுண்டாயின் அதனைச் செய்" என ஏவுவது. மற்றது எஸ்.கியூ.எல்.; "இத்தன்மையுடைய பதிவுகள் எவை?" என வினவுவது. முன்னது மேலாளர், பின்னது லேகம்.

இவ்விரண்டையும் இணைக்க முன்னர்ச் சுற்றுவழிகளே இருந்தன. கேள்வியைத் தனிப்பொருளாக எழுதிப் பெயரிட்டுவைத்து, கட்டளையால் அதனை அழைப்பது அவற்றுள் ஒன்று. 2012இல் 'ரன் எஸ்.கியூ.எல்.' என்னும் கட்டளை வந்தது. அதன்பின் கேள்வி வாக்கியத்தைக் கட்டளைக்குள்ளேயே எழுதலாயிற்று. ஆயினும் ஒரு வரம்புண்டு. வெறுமனே 'தேர்ந்தெடு' என்று கூறும் வாக்கியத்தை அது ஏற்பதில்லை. விடையை வைக்க இடமில்லை. ஆதலின் விடையைத் தற்காலிக அட்டவணையொன்றில் நிரப்புமாறு பணித்து, பின் அவ்வட்டவணையைக் கட்டுப்பாட்டு மொழி வரிவரியாகப் படித்தல் வேண்டும். அதற்கெனவே ஒவ்வொரு பணிக்கும் தனி நூலகம் ஒன்றுண்டு. பணி முடிந்ததும் அது தானே மறையும்.

பதிவுகளை மாற்றும் வாக்கியத்திலேதான் ஆபத்து உறைகின்றது. "குண்டசாலை நிலங்களுக்கு மட்டும்" என்னும் நிபந்தனையை எழுத மறந்தால், கணினி தயங்காது; நாடு முழுவதன் நிலங்களையும் ஒருநொடியில் மாற்றிவிடும். இதற்குக் காப்பாக மாற்றங்களைப் பதியும் குறிப்பேடு உண்டு. அக்குறிப்பேட்டின் துணையால், உறுதிசெய்யப்படாத மாற்றங்களை மீட்கலாம். குறிப்பேட்டில் சேராத கோப்பை இயல்பான அமைப்பில் மாற்ற முனைந்தால், கட்டளை மறுக்கப்படும். அவசரக்காரர் "காப்பு வேண்டா" என ஒரு சொல் சேர்த்து அம்மறுப்பைக் கடந்துவிடுவர். பிழைச்செய்தி ஒழியும், மீட்சிக்கான வழியும் உடன் ஒழியும்.

எனவே முதலில் அந்நிபந்தனையைக் கொண்டே, எத்தனை பதிவுகள் அகப்படுகின்றன என எண்ணிப் பார்மின். எதிர்பார்த்த தொகை வாராவிடின் நிறுத்துமின். ஏடு புரட்டிய எழுத்தருடைய கை மெல்ல நகர்ந்தது; பிழையைக் கண்டு நிறுத்த அவருக்கு நேரமிருந்தது. கணினி அந்நேரத்தைத் தருவதில்லை. கட்டளை இடுமுன் அதனை நாமே எடுத்துக்கொள்ளல் வேண்டும்.