தேர்வறைக்கு வராதவர்களையும் எண்ணுவோம்



சிறுநகர அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தேர்ச்சியையும் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பின்னணியையும் சேர்த்து வைத்துப் பார்க்கவே இந்தக் கருத்தரங்கைக் கூட்டியிருக்கிறோம். சேர்த்து என்ற சொல்லை அழுத்தியே சொல்கிறேன். பொதுத்தேர்வு முடிவு வெளிவரும் நாளில் ஒவ்வொரு பள்ளியும் ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. முதலிடம் பிடித்த மாணவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் கைவிட்டது. நல்ல முடிவு. ஆனால் மாவட்டங்களை வரிசைப்படுத்துவதை நாம் கைவிடவில்லை. விருதுநகர் மேலே, வடமாவட்டங்கள் கீழே என்று ஆண்டுக்கணக்கில் படித்துப் பழகியிருக்கிறோம். விகிதம் சரிந்த பள்ளியின் தலைமையாசிரியர் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்கிறார். யாரை வைத்துக்கொண்டு அந்த விகிதத்தை எடுத்தீர்கள் என்று அவரை யாரும் கேட்பதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆறாம் வகுப்பில் 100 பேர் சேர்கிறார்கள். பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில், அதாவது பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியலில், 72 பேர் இருக்கிறார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 68 பேர். பள்ளியின் தேர்ச்சி 94 விழுக்காடு என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். மீதி 28 பேர் எங்கே? சிலர் வேறு பள்ளிக்கு மாறியிருப்பார்கள், அதில் குறையில்லை. சிலர் பட்டறைக்கோ மில்லுக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். சில பெண் பிள்ளைகளுக்குத் திருமணம் ஆகியிருக்கும். சிலரை, “இவன் எழுதினால் ரிசல்ட் போய்விடும், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்” என்று பள்ளிகளே அனுப்பியிருக்கும். தனியார் பள்ளிகள் சில இதைப் பல காலமாகச் செய்துவருகின்றன. விகிதத்தின் நெருக்கடி தாங்காமல் அரசுப் பள்ளிகளிலும் இது நடக்கத் தொடங்கியிருந்தால், அது நம் எல்லோருடைய தோல்வி. இன்னொரு பள்ளி, விகிதம் எவ்வளவு குறைந்தாலும் சரி என்று நூறு பேரையும் பிடித்து வைத்து 78 பேரைத் தேர்ச்சி பெறச் செய்கிறது. நம் பட்டியலில் அது கீழே கிடக்கிறது. என் கணக்கில் அதுவே சிறந்த பள்ளி.

நாமினல் ரோலில் எஞ்சியிருப்பவர்களும் ஒரே தரையில் நிற்பவர்கள் அல்லர். திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிய குடும்பங்கள் பொங்கல் முடிந்ததும் ஊரைவிட்டுக் கிளம்புகின்றன. திருப்புதல் தேர்வும் பொதுத்தேர்வும் வருவது அந்த மாதங்களில்தான். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்லும் வீடு ஒன்று, கூடவே அழைத்துச் செல்லும் வீடு ஒன்று. திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பின்னலாடைத் தொழிலாளரின் பிள்ளைகள், வீட்டில் யாரும் பேசாத தமிழில் பாடம் படிக்கிறார்கள். வசதி சற்றுக் கூடிய வீடுகளில் மகனை மெட்ரிக் பள்ளிக்கும் மகளை அரசுப் பள்ளிக்கும் அனுப்பும் பழக்கமும் உண்டு. ஆனாலும் தேர்ச்சியில் பெண்களே ஆண்களை முந்துகிறார்கள். சோற்றுக் கணக்கையும் பாருங்கள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு. வளரும் வயதில், கடினமான பாடங்களைப் படிக்கும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மதியத்தில் தட்டு இல்லை. இதை நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பின்னணிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் பள்ளி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1966-இல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், ஏறத்தாழ 4,000 பள்ளிகளையும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் ஆராய்ந்து, கட்டடத்தையும் கருவிகளையும்விடக் குடும்பப் பின்னணியும் உடன் படிப்பவர்களும் மதிப்பெண்ணோடு நெருக்கமாகப் பிணைந்திருப்பதாகச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு கைவிரித்தவர்கள் பலர். 1983-இல் ஆய்வாளர்கள் ஹைன்மனும் லாக்ஸ்லியும் 29 நாடுகளின் தொடக்கப் பள்ளித் தரவுகளை ஒப்பிட்டார்கள். நாடு ஏழ்மையாக இருக்க இருக்க, பள்ளியின், ஆசிரியரின் தரம் பிள்ளையின் கற்றலில் ஏற்படுத்தும் வேறுபாடு பெரிதாகிறது என்று கண்டார்கள். பின்னாளில் இதை மறுத்தும் திருத்தியும் ஆய்வுகள் வந்தன. நான் ஹைன்மன், லாக்ஸ்லி பக்கமே நிற்கிறேன். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் இயற்பியலே இல்லை. டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கு அந்தக் காலியிடம் தெரிவதே இல்லை.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளைப் பேச முடியாது. 2023-இல் நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. அதை முழு மனத்தோடு ஏற்கிறேன். வகுப்பாசிரியரின் கண்முன் அந்தக் கட்டம் இருந்த காலமெல்லாம் அது வெறும் தகவலாக இருந்ததில்லை. ஆனால் ஆய்வாளருக்கு அந்த விவரம் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்போடு நிற்கிறார்கள் என்பது தெரியாமலே போகும், தெரியாதது சரியாகிவிட்டதாகவும் சொல்லப்படும். வகுப்பறையில் மறைந்தும் ஆய்வில் தொகுப்பாகத் தெரிந்தும் இருக்க வழி என்ன? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் தனித்தனியே வைத்திருக்கும் நாட்டில் இது எளிய கேள்வி இல்லை. இந்த அவை இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

அரசுக்குப் பின்னணி தெரியாது என்று சொல்ல முடியாது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020-இல் கொண்டுவந்தபோது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதே அளவுகோலாக வைக்கப்பட்டது. புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதே அளவுகோலைச் சற்று விரிவாக்கி, கல்லூரியில் சேர்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. கல்லூரி வாசலில் மாணவரின் பின்னணியை மதிக்கும் அரசு, பள்ளியை மதிப்பிடும்போது மட்டும் அதை மறந்துவிடுவது எப்படி நியாயமாகும்? எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஓர் அணியை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, எத்தனை பேர் பிளஸ் டூவைத் தொட்டார்கள் என்று பள்ளிவாரியாக வெளியிட இன்று தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. இதை ஒரு தீர்மானமாக நாளை மாலை முன்மொழிய இருக்கிறேன்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்ச்சி விகிதம் வரும் இடத்திலெல்லாம், அது எத்தனை பேரில் எடுக்கப்பட்டது, அந்த அணி ஆறாம் வகுப்பில் எத்தனை பேராக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: நிகழ்ச்சி நிரலில் தலைமையாசிரியர்களின் அமர்வு பிற்பகலின் கடைசியில் இருந்தது. அமைப்பாளர்களிடம் கேட்டு அதை முதல் அமர்வாக மாற்றியிருக்கிறேன். அவர்கள் மேடைக்கு வரட்டும்.